வலப்பக்கம் திரும்புதல்

கேஸை அணைத்தோமா என்ற கேள்வி ஹெல்மெட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கோகிலவாணிக்கு முன்னால் ஏழெட்டு பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றிருந்தன, எல்லோரும் எஞ்சினை அணைத்துவிட்டு, ரேஸ் டிராக்குக்குள் நுழைகிற வாசலில் சிவப்பு விளக்கு பச்சையாவதற்காகக் காத்திருந்தார்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இன்றைக்கென்று பார்த்து லீவு போட்டிருந்தது, தோல் சூட்டுக்குள் வியர்வை முதுகெலும்பு வழியாக ஒரு கோடு போட்டு இறங்கிக்கொண்டிருந்தது, இந்த நேரத்தில் கேஸ். அணைத்தாயிற்று. ரங்கராஜ்தான் அணைத்தார், அணைத்துவிட்டு சிலிண்டர் தலையிலிருந்த குமிழையும் திருகி, திருகினதை ஒரு தடவை அசைத்தும் பார்த்தார், மோட்டார் பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை, புருஷன் மூடினால் அது மூடினதுதான், கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் ஒரு குழாய்கூடச் சொட்டியதில்லை. அப்படியானால் இது கேஸைப் பற்றிய கேள்வி இல்லை. வயிற்றுக்குள் கிடக்கிற பயத்துக்கு வெளியே வர ஒரு வேஷம் வேண்டும், கேஸ் வேஷம் போட்டு வந்திருக்கிறது, விரட்டினால் இஸ்திரிப் பெட்டியாக வரும், அதையும் விரட்டினால் மொட்டை மாடிக் கதவு. பரவாயில்லை, வரட்டும், வளைவாக மட்டும் வராமல் இருந்தால் சரி, மூன்றாவது வளைவு, வலது பக்கம், சே, நினைத்தாயிற்று. நினைக்கக் கூடாது என்று நினைத்ததே அதை நினைத்ததுதான். வலது காறை எலும்புக்கு மேலே அரித்தது. அங்கே தோலுக்கு அடியில் ஒரு உலோகத் தகடு இருந்தது, தகட்டுக்கு மேலே தழும்பு, தழும்புக்கு மேலே பனியன், பனியனுக்கு மேலே மாட்டுத் தோல், விரல் போக வழியே இல்லை, தகடு வைத்த நாளிலிருந்து அது சொறிய முடியாத இடங்களில் மட்டுமே அரிக்கிற வழக்கம் வைத்திருந்தது.

போன வருஷம் இதே டிராக்கில், அந்த மூன்றாவது வளைவில்தான் கோகிலவாணி விழுந்தாள். நாற்பத்து நாலு வயது பல் டாக்டர், காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் இரண்டு விரல் அகல வாய்க்குள்ளேயே வேலை, ஞாயிற்றுக்கிழமையிலாவது கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் ஏதாவது வேண்டும் என்று தோன்றித்தான் இந்தப் பழக்கமே ஆரம்பித்தது, மற்றவர்கள் ஊட்டிக்குப் போகிறார்கள், அவள் தோல் சூட் மாட்டிக்கொண்டு தெருவில் ஓட்ட முடியாத வேகத்தில் வட்டம் சுற்ற வந்தாள், வட்டம் சுற்றும்போது தலைக்குள் ஒரே ஒரு ஆள்தான் இருப்பாள், அது அவளுக்குப் பிடித்திருந்தது. விழுந்தது அவளுக்கு ஞாபகமில்லை. அதுதான் சங்கடம். முதல் வளைவு ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது ஞாபகம் இருக்கிறது, அதற்குப் பிறகு வானம். வானத்துக்கு நடுவில் ஒரு முகம், வளைவுக்கு வளைவு கொடியோடு நிற்பார்களே மார்ஷல்கள், அவர்களில் ஒருவர், குனிந்து "மேடம், உங்க பேர் என்ன, சொல்லுங்க மேடம்" என்று கேட்க, இவள் மிகப் பொறுமையாக "வாய நல்லாத் தொறங்க" என்றாளாம். அவர் மறுபடி பேர் கேட்க, "இன்னும் கொஞ்சம், நாக்க அந்தப் பக்கம் தள்ளிக்குங்க" என்றாளாம். இந்தக் கதை டிராக் முழுக்கப் பிரசித்தம். அவளே நாலைந்து பேருக்குச் சொல்லிச் சிரித்திருக்கிறாள், சொல்லும்போதெல்லாம் யாரோ வேறு ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் இருக்கும். பின்னால் வந்தவர் ஹெல்மெட்டில் கேமரா இருந்தது, அந்த வீடியோ அவள் போனில் இருக்கிறது, ஒரு நோயாளி எழுந்து போய் அடுத்தவர் வருவதற்குள் அதைப் போட்டுப் பார்த்துவிடுவாள், சின்ன உருவம் வளைவுக்குள் சாய்கிறது, சாய்ந்துகொண்டே போகிறது, அசதியில் ஒருக்களித்துப் படுப்பவளைப் போலத் தரையில் படுத்துவிடுகிறது, வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம், புழுதி. டிராக்கை நடத்துகிற நவ்ஷாத் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டான்: சாஞ்சதுக்கப்புறமும் முன் பிரேக்க விடல, முன் வீல் வழுக்கிருச்சு. அவ்வளவுதான். காரணம் தெரிந்துவிட்டது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போகும் என்று அவளும்தான் நம்பினாள், நோயாளிகளிடம் எக்ஸ்ரேயைத் தூக்கிக் காட்டி அப்படித்தான் சொல்வாள், இதோ பாருங்க, இங்கதான் சொத்தை, இனிமே பயப்பட ஒண்ணுமில்லை. அவர்கள் தலையாட்டுவார்கள். கை மட்டும் நாற்காலிப் பிடியை விடாது.

பயம் அந்த வளைவிலேயே இருந்திருந்தால் அவள் திரும்பி வந்திருக்கவே மாட்டாள். டிராக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியை விற்றிருப்பாள். அது கூடவே ஊருக்குள் வந்துவிட்டது. எலும்பு கூடி, மரத்துப்போன இரண்டு விரல்களுக்கும் உணர்ச்சி திரும்பி, கிளினிக் போக ஸ்கூட்டரை எடுத்த முதல் நாள், லட்சுமி மில்ஸ் சிக்னலில் வலது பக்கம் திரும்ப வேண்டும், பச்சை விழுந்தது, அவள் திரும்பவில்லை. பின்னால் நின்ற டவுன் பஸ் அடித்த ஹாரனில் நேராகப் போய்விட்டாள். நேராகப் போய், இடது பக்கம் திரும்பி, இன்னொரு இடது, இன்னொரு இடது. அன்றிலிருந்து வீட்டிலிருந்து கிளினிக்குக்கு வலது பக்கமே திரும்பாமல் போகிற ஒரு வழியை அவள் கண்டுபிடித்து வைத்திருந்தாள், கோயமுத்தூரில் பாதியைச் சுற்றிக் காட்டுகிற வழி, வழியில் இரண்டு பெருமாள் கோயில், ஒரு மாரியம்மன், எல்லாவற்றையும் பிரதட்சிணம் செய்யாமல் அப்பிரதட்சிணமாகவே சுற்றினாள், புண்ணியம் எந்தக் கணக்கில் சேர்ந்ததோ. அப்புறம் ஒரு ஷாப்பிங் மாலில், காரில், கீழ்த்தளத்துக்கு இறங்குகிற சரிவுப் பாதை, திருகாணி மாதிரி வலது பக்கமாகவே இறங்கிக்கொண்டு போகிறது, பாதியில் கால் பிரேக்கை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டது, பின்னால் வரிசையாகக் கார், ஹாரன், கடைசியில் ஒரு செக்யூரிட்டி வந்து கண்ணாடியைத் தட்டி, "லேடீசுக்கு இது கொஞ்சம் கஷ்டந்தானுங்க" என்று சொல்லி அவரே ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அந்த வார்த்தைக்குக்கூட அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வரவில்லையே என்பதுதான் அன்றைக்கு ராத்திரி முழுக்க உறுத்தியது. அதையும் பொறுத்துக்கொண்டிருப்பாள். பொறுக்க முடியாதது போன மாதம் நடந்தது. ஒரு கடைவாய்ப் பல், சாதாரண வேலை, மரத்துப்போகிற ஊசியை எடுத்து ஈறுக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள் கை நின்றது. நடுங்கவில்லை. நின்றது, அவ்வளவுதான். விரல்களில் கோளாறில்லை, அது அவளுக்குத் தெரியும், டாக்டரிடமும் காட்டியாயிற்று. நோயாளி வாயைப் பிளந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். உதவிக்கு நிற்கிற பரிமளா தட்டை இன்னும் கொஞ்சம் நெருக்கமாகக் கொண்டுவந்து பிடித்தாள், கைக்கு ஏதோ எட்டவில்லை போலிருக்கிறது என்கிற மாதிரி. ஊசி போய்விட்டது, பல்லும் வந்துவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் நவ்ஷாத்துக்குப் போன் பண்ணினாள். இந்தப் பயத்தை எங்கிருந்து எடுத்தேனோ அங்கேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். பூனையைக் கோணிப்பையில் கட்டிக்கொண்டு போய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் விடுவது மாதிரி. பூனை அவளுக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருக்கும், அது வேறு விஷயம்.

ரங்கராஜ் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம், சண்டை போட்டால் பாதி பயம் அதிலேயே கரைந்திருக்கும். போகப்போறேனுங்க என்றாள், சரிங்க என்றார், சாம்பாரை ஊற்றிக்கொண்டார். கை தூக்க முடியாமல் கிடந்த நாட்களில் அவர்தான் அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார், ஸ்டூலில் உட்காரவைத்து, கழுத்தில் துண்டைக் கட்டி, பம்ப்பைக் கழுவுகிற மாதிரியே கழுவினார், ஷாம்பு கண்ணில் போய் அவள் கத்தினால் "ஆச்சுங்க ஆச்சுங்க" என்பார், அப்போதும் அந்த வளைவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. வீடியோவைக் காட்டுகிறேன் என்றபோது வேண்டாங்க என்று கையால் தள்ளிவிட்டார். இன்றைக்குக் காலையில் வண்டியை வாடகை வேனிலிருந்து இறக்கியவர், ஹெல்மெட் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார், இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார், தாடை வலித்தது, "நெம்ப வெயிலுங்க, நான் காருல கொஞ்சம் படுத்துக்கறேன்" என்று போய்விட்டார். தூங்குகிறாராம். பெண்டாட்டி சாவதற்கு வரிசையில் நிற்கிறாள், இவருக்கு ஏசி போட்டுத் தூக்கம். இது அநியாயமான நினைப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள், கேஸைவிட இது பரவாயில்லை.

யாரோ ஹெல்மெட்டை மேலே தட்டினார்கள். நவ்ஷாத், தன் வண்டியில் உட்கார்ந்தபடி பக்கத்தில் வந்து நின்றிருந்தான்.

"டாக்டரக்கா, முத ரெண்டு சுத்து எம் பின்னாடியே வாங்க. என் முதுக மட்டும் பாருங்க. அவசரமே இல்ல, சும்மா காத்து வாங்கற மாதிரி."

"பல்லு புடுங்கறதுக்கு முன்னாடி நான் பேசற மாதிரியே பேசறீங்க."

"நீங்க என்னக்கா சொல்லுவீங்க?"

"எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்னு."

"அப்படித்தான் இருக்குமா?"

"இருக்காது."

அவன் சிரித்தது கண்ணில் மட்டும் தெரிந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. எல்லா எஞ்சின்களும் ஒன்றாக எழுந்தன, அந்தச் சத்தம் காதால் கேட்பதில்லை, விலா எலும்பால் கேட்பது, அவளுடைய வண்டியும் தொடைகளுக்கு நடுவில் விழித்துக்கொண்டது, கிளட்ச் பிடித்திருந்த இடது கை தன் பாட்டுக்கு அதை விட்டது, கை நிற்கவில்லை, அட, நிற்கவில்லையே என்று ஆச்சரியப்படுவதற்குள் வாசல் பின்னால் போய்விட்டது, கேஸும் போய்விட்டது. நவ்ஷாத்தின் முதுகு. கறுப்புத் தோலில் வெள்ளை எழுத்து, வியர்வை காய்ந்த உப்புக் கோடு. முதல் வளைவு வந்தது, வலதுதான், ஆனால் அகலமானது, கல்யாண மண்டப வாசல் மாதிரி யார் வந்தாலும் உள்ளே விடுகிறது, போய்விட்டாள். இரண்டாவது இடது, அவளுக்கு இப்போது இடது அத்துப்படி, ஒரு வருஷமாக இடதைத் தவிர வேறென்ன செய்தாள், மாநகராட்சி அவளுக்கு ஒரு விருதே கொடுக்கலாம். அப்புறம் சின்ன நேர்ப்பாதை. அதன் முடிவில் அது. மூச்சு எங்கேயோ சிக்கியது. கழுத்துக்குக் கீழே தகடு மட்டும் தனியாகக் குளிர்ந்தது, இந்த வெயிலில், தகடு அந்த இடத்தை அடையாளம் கண்டுகொண்டதா, எப்படிக் கண்டுகொள்ளும், அது பிற்பாடு ஆஸ்பத்திரியில் வந்து சேர்ந்தது, விழுந்தபோது அது இல்லவே இல்லை, பைத்தியமே, பிரேக், பிரேக்கைப் பிடித்துவிட்டு விடு, சாய்வதற்கு முன் விடு, விட்டாளா, விட்டாள், நவ்ஷாத்தின் முதுகு வலது பக்கம் சரிந்தது, அவளும் அதோடு ஒட்டிக்கொண்டே கட்டை வண்டி வேகத்தில் சரிந்தாள், ஒன்றும் இல்லை. அங்கே ஒன்றுமே இல்லை. தார். மற்ற இடத்துத் தார் மாதிரியே தார். ஒரு கீறல் இருக்கும், ஒரு கறை, குறைந்தபட்சம் ஒரு பள்ளமாவது இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தாள், ஒரு மனுஷியின் ஒரு வருஷத்தை விழுங்கிய இடம் அதைப் பற்றி ஏதாவது வைத்திருக்க வேண்டாமா. பல் பிடுங்கின இடம்கூடச் சில நாளைக்குக் குழியாக இருக்கிறது. அடுத்த சுற்றிலும் அதே தார். நினைவு வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை, வராததும் பயமாகத்தான் இருந்தது, வராதது எங்கேயாவது இருக்கிறது என்றுதானே அர்த்தம், புல்லுக்குள், அந்த டயர்ச் சுவருக்குப் பின்னால்.

நவ்ஷாத் கையைத் தூக்கி ஆட்டிவிட்டு வேகமெடுத்துப் போய்விட்டான். முன்னால் முதுகு இல்லை. டிராக் திடீரென்று அகலமாகி, அவ்வளவும் அவளுக்கே என்று விரிந்து கிடந்தது. பின்னாலிருந்து ஒருவர் வந்து தாண்டினார், பெரிய தொப்பை, சின்ன வண்டி, வெல்ல மூட்டையை ஆட்டுக்குட்டி சுமந்து போகிற மாதிரி இருந்தது, அவரே தாண்டுகிறார், தாண்டட்டும், இன்றைக்குக் கடைசியாக வருகிற ஆள் நான்தான், அந்த இடத்துக்குப் போட்டிக்கு யாரும் வராதீர்கள். முதல் வளைவு. இரண்டாவது. நேர்ப்பாதை. பயம் இப்போது சின்னதாகத்தான் இருந்தது, கைக்குட்டை அளவு, மடித்துப் பையில் வைத்துவிடலாம் என்று நினைக்கிற நேரத்தில், மூன்றாவது வளைவுக்கு வெளிப்பக்கம், டயர்ச் சுவருக்கு மேலே, மஞ்சள். மஞ்சள் ஆடியது. மஞ்சள் கொடி என்றால் யாரோ விழுந்திருக்கிறார்கள், காலையில் வகுப்பில் நூறு தடவை சொன்னார்கள், மஞ்சள் என்றால் மெதுவா, தாண்டாதே, முன்னால் ஆபத்து. வலது கை ஆக்ஸிலேட்டரைப் பட்டென்று விட்டது, வண்டியின் மூக்கு கீழே அமிழ்ந்தது. யார் விழுந்தது. தொப்பைக்காரரா. அவர் அப்போதே போய்விட்டாரே. முன்னால் யாருமே இல்லையே. அப்படியானால் விழுந்தது யார், தார் காலியாக இருக்கிறது, புல் காலியாக இருக்கிறது, விழுந்தது யார் என்று கேட்ட அந்தக் கண நேரத்தில், வெயிலில் உருகுகிற அந்தத் தார்மேல், ஒருக்களித்துப் படுத்து ஒரு பெண் கிடந்தாள், வெள்ளை ஹெல்மெட், கால் ஒன்று மடங்கி, கோகிலவாணிக்கு அவளைத் தெரியும், வீடியோவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள், இவள்தான் அது, நான் இன்னும் எழுந்திருக்கவே இல்லை, ஆஸ்பத்திரி, தகடு, ஷாம்பு, மாரியம்மன், எல்லாம் இவள் கிடந்தபடி கண்ட கனவு, கொடி இவளுக்காகத்தான் ஆடுகிறது. வண்டி ஏறக்குறைய நின்றுவிடுகிற வேகத்தில் வளைவைத் தாண்டியது. தாண்டும்போது பார்த்தாள், யாரும் இல்லை. தார். அடுத்த வளைவில் நின்ற மார்ஷல் கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். ஆபத்தைக் கண்டவர் நிற்கிற மாதிரி இல்லை அது.

எனக்குக் கண்ணில் கோளாறு. இல்லை, மண்டையில், ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றார்களே, எந்த ஸ்கேனில் இதெல்லாம் தெரியும். இப்படியே டிராக்கை விட்டு உள்ளே, வண்டி நிறுத்துகிற இடத்துக்குப் போய்விடலாம், வாசல் பக்கத்தில்தான், கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உள்ளே போனால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், டாக்டரக்கா முயற்சி பண்ணினாங்க, பாவம், என்பார்கள், அப்புறம் ஆயுசு முழுக்க இடது, இடது, இடது. உள்ளே போகிற வழி வந்தது. அவள் அதைத் தாண்டிவிட்டாள், தைரியத்தில் இல்லை, முடிவெடுக்க நேரம் போதவில்லை. நேர்ப்பாதையில் காற்று ஹெல்மெட்டைப் பின்னுக்கு இழுத்தது. மறுபடி முதல் வளைவு, இரண்டாவது, இப்போது வேண்டுமென்றே கண்ணைத் தூக்கி மஞ்சளைத் தேடினாள். இருந்தது. ஆனால் வட்டமாக இருந்தது. கொடி வட்டமாக இருக்குமா. வட்டத்துக்குக் கீழே ஒரு கம்பி, கம்பியைப் பிடித்து ஒரு கை, கைக்குக் கீழே ஒரு ஆரஞ்சு மார்ஷல் சட்டை, வயிற்றுப் பக்கம் பொத்தான் பூட்டாமல், இடது கை இடுப்பில், தோள் ஒரு பக்கம் சாய்ந்து, குடை, பற்பசைக் கம்பெனிக்காரர்கள் கிளினிக்குக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போன மஞ்சள் குடை, அட தெய்வமே, அதன் கீழே ரங்கராஜ். காரில் தூங்குகிறவர். காரிலிருந்து இவ்வளவு தூரம் இந்த வெயிலில் நடந்து வந்து, யாரிடமோ கெஞ்சிக் கூத்தாடிச் சட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, உலகத்தில் எத்தனை இடம் இருக்க அந்த வளைவில் வந்து நிற்கிறார், அவள் விழுந்து சறுக்கிப் போய் நின்ற அதே நேர்கோட்டில். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அதுதான் தப்பு. பைக்கில் கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும், அதற்கு வேறு நியாயம் தெரியாது, பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, சுவரைப் பார்த்தால் சுவருக்கு, புருஷனைப் பார்த்தால் புருஷனுக்கு. வளைவு வலது பக்கம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது, வண்டி திரும்பாமல் ரங்கராஜை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. குடை பெரிதாகிக்கொண்டே வந்தது, அதில் அச்சடித்திருந்த சிரிக்கிற பல் தெரிந்தது, அவர் முகம் தெரிந்தது, அவர் சிரிக்கவில்லை, வாய் லேசாகத் திறந்திருந்தது, இவர் முகம் இப்படி இருந்து அவள் பார்த்ததே இல்லை, இருபது வருஷத்தில் ஒரு நாளும். சிவப்பும் வெள்ளையும் அடித்த ஓரக்கட்டை சக்கரத்துக்கு அடியில் தடதடவென்றது, பல்லெல்லாம் ஆடியது, கை பிரேக்கை நோக்கிச் சுருண்டது, வேண்டாம், இப்போது பிடித்தால் அதே கதை, பிடிக்காதே, பிடிக்காதே, பின் சக்கரம் மண்ணில் ஒரு தடவை உதறியது, எப்படியோ, வண்டிக்குத்தான் புத்தி வந்ததோ, மறுபடி தாருக்கு வந்தது.

அதற்கப்புறம் அவள் வாயிலிருந்து வந்ததையெல்லாம் அவளுடைய நோயாளிகள் யாரும் கேட்டிருக்க முடியாது. ஹெல்மெட்டுக்குள் கத்தினாள். உன்ன யாருய்யா அங்க வந்து நிக்கச் சொன்னது, குடையாம் குடை, ஊர்ல இல்லாத குடை, கொடின்னு நெனச்சு என் உசுரே போச்சு, தூங்கறேன்னு சொல்லத் தெரிஞ்சுதுல்ல, தூங்கறதுக்கு என்ன. இருபது வருஷமாகப் போட்டு வந்த ‘ங்க’ எல்லாம் ஒரே நேர்ப்பாதையில் உதிர்ந்துபோனது. கத்தும்போது மூச்சு சீராக வந்தது, அதை அவள் அப்போது கவனிக்கவில்லை. கோபம் வந்திருந்தது. மாலில் வராத கோபம், எங்கேயோ சுற்றிவிட்டு இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அந்த முகம். வாய் திறந்திருந்த அந்த முகம் விலகமாட்டேன் என்றது. மறுபடி அங்கேதான் நிற்பார். மறுபடி பார்ப்பேன், பார்க்காமல் எப்படி இருக்க முடியும், பார்த்தால் அவர்மேல் போய் விழுவேன். பார்க்கக் கூடாது. இந்த ஆளைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இந்த ஆளைப் பார்க்கக் கூடாது, இது என்ன மாதிரியான விதி. இரண்டாவது வளைவு கழன்றது. மஞ்சள் கண் ஓரத்தில் பூத்தது. பிரேக். விடு. தாடையை வலது பக்கம் திருப்பு, கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தாடையோடு, கழுத்தோடு, தகட்டோடு. கழுத்து மறுத்தது, உள்ளே திருகு இறுகியிருக்கிற மாதிரி, ஒரு வருஷமாக அந்தப் பக்கம் திரும்பாத கழுத்து. கண்ணோரத்தில் குடை கெஞ்சியது. அவள் அதை அங்கேயே விட்டாள். அவரை விட்டாள், வெயிலில், வாய் திறந்தபடி, அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள். வளைவு முடிகிற இடம் தெரிந்தது. அது அத்தனை நேரமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது, ஒரு வேலிக் கம்பி, காய்ந்த கொழுக்கட்டைப் புல், அதற்கப்பால் நேர்ப்பாதை நீளமாக, காலியாக. வண்டி சாய்ந்தது. சாய்ந்து, அந்த இடத்தைப் பார்த்தே போனது, யாரும் தள்ளாமல், யாரும் இழுக்காமல். பயம் போகவில்லை. பின்சீட்டில் ஏறிக்கொண்டு இடுப்பைக் கெட்டியாகப் பிடித்தபடிதான் வந்தது. சரி, பிடித்துக்கொள், ஆனால் நான் சாயும்போது நீயும் சாய வேண்டும், பின்னால் உட்காருகிறவர்களுக்கு அதுதான் சட்டம்.

சுற்று முடிந்ததென்று கட்டம் போட்ட கொடி காட்டிவிட்டார்கள். அவள் உள்ளே வந்து வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, ஹெல்மெட்டைக் கழற்றி, வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். ரங்கராஜ் வர நேரமாயிற்று. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார், சட்டையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், பின்னாலேயே நவ்ஷாத்.

"அண்ணா, இங்க மஞ்சக் கலருக்கு அர்த்தமே வேறண்ணா. நல்லவேளை அக்கா ஒருத்தங்கதான் பயந்தாங்க. அடுத்த வாட்டி கறுப்புக் குடையாக் கொண்டுவாங்க." சட்டையை வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

ரங்கராஜ் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வெயில் அடித்துச் சிவந்திருந்தது. தண்ணீர் பாட்டிலைத் திறந்து முதலில் அவளிடம் நீட்டினார்.

"காருல படுத்துக்கறேன்னு சொன்னீங்க," என்றாள்.

"தூக்கம் வரலீங்க."

"அதுக்கு? அங்கயா வந்து நிப்பாங்க?"

அவர் குடையின் நுனியால் தரையில் ஏதோ கிறுக்கினார். "போன தடவ நான் இங்க இல்லீங்களே. போன்லதான சொன்னாங்க. அதுலருந்து தெனமும் அது ஓடிட்டே இருக்குதுங்க. ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொரு மாதிரி. ஒரு நாளைக்கு லாரி எல்லாம் வருது. இங்க ஏது லாரி. அந்த எடம் எப்படி இருக்குதுன்னு ஒருக்கா கண்ணால பாத்துட்டா நின்னுரும்னு நெனச்சேன்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன். ஒண்ணுமே இல்லீங்க அங்க. வெறும் தாரு."

அவள் தண்ணீர் குடித்தாள். பாட்டில் பல்லில் இடித்தது. அந்த வருஷம் முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக அதே வளைவில் விழுந்துகொண்டிருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவர் தலையை ஒருவர் கழுவிவிட்டுக்கொண்டு. வீடியோவை ஏன் வேண்டாம் என்று தள்ளினார் என்று இப்போதுதான் புரிந்தது. ஒலிபெருக்கியில் அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். வயிறு உடனே பதில் சொன்னது, போன தடவை மாதிரியே, ஒரு மாற்றமும் இல்லாமல். இஸ்திரிப் பெட்டி, என்றது. அவள் எழுந்து சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள்.

"நான் வேணா இங்கயே இருந்துக்கறேனுங்க," என்றார் ரங்கராஜ்.

"வேண்டாம். வாங்க. ஆனா அந்த எடத்துல நிக்காதீங்க. உங்களப் பாத்தா வண்டி உங்ககிட்டயே வந்துருதுங்க."

"அப்ப எங்கதான் நிக்கட்டும்?"

கோகிலவாணி ஹெல்மெட்டைத் தலையில் இறக்கினாள். அவர் கை வாருக்கு வருவதற்குள் அவளே அதை இழுத்துப் பூட்டினாள்.

"வளைவு முடியற எடத்துல நில்லுங்க. அந்த வேலிக்கிட்ட. நான் அங்கதான் பாப்பேன்."